அவனுடைய சனி என் சுக்கிரனுக்குச் சதுரம்: அடைத்துவைப்பானா?

மார்ச் 3 – கேள்வி

நான் 2000, அவன் 1999. என் சுக்கிரன் கடகம் 20 பாகை, அவனுடைய சனி மேஷம் 19. செயலியில் இரண்டு ஜாதகத்தையும் போட்டால், சதுரம் (90 பாகைக் கோணம்) என்று தடிமனாக ஒரு சிவப்புக் கோடு வருகிறது. போதாததற்கு என் யுரேனஸ் (மகரம் 25) அவன் சந்திரனுக்கு (கடகம் 22) நேர் எதிரில். இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர், “சனி சுக்கிரனை நெரிக்கும், கல்யாணத்துக்கு அப்புறம் வாசல் தாண்ட விடமாட்டான்” என்றார். இன்னொருவர், “யுரேனஸ் இருக்கிறது, நீயே ஒரு நாள் ஓடிவிடுவாய்” என்றார். அடைபடுவேனா, ஓடுவேனா? எனக்கு வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதை விட்டுக்கொடுக்க முடியாது. எல்லாம் நிராயனக் கணக்கு, நட்சத்திரங்களை வைத்து ராசி போடும் நம் ஊர் முறை.

மார்ச் 3, இரவு – என் பதில்

நீங்கள் கொடுத்த நான்கு எண்களை வைத்தே பேசுவோம். உங்கள் சுக்கிரன் கடகம் 20. அவன் சந்திரன் கடகம் 22. இரண்டு பாகை இடைவெளியில் ஒருவர் சுக்கிரனும் மற்றவர் சந்திரனும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதை அந்த இரண்டு ஜோதிடர்களும் கண்டுகொள்ளவே இல்லையா? எந்த முறையை எடுத்தாலும் இதை இணக்கமான சேர்க்கை என்றுதான் சொல்வார்கள். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பது வழக்கமான பலன். சிவப்புக் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்து யுரேனஸ். அது ராசிச் சக்கரத்தைச் சுற்ற 84 வருடம். ஒரு ராசியில் ஏழு வருடம் போல உட்காரும், வருடத்துக்குச் சுமார் 4 பாகை நகரும். அவன் உங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவன், அப்படியானால் அவனுடைய யுரேனஸும் மகரத்தில்தான், உங்களுடையதற்கு மூன்று நான்கு பாகை முன்னால். உங்கள் யுரேனஸ் அவன் சந்திரனுக்கு எதிரில் என்றால், அவனுடைய யுரேனஸும் அவனுடைய சந்திரனுக்கு எதிரில். உங்கள் யுரேனஸ் உங்கள் சுக்கிரனுக்கும் எதிரில். “என்னைக் கட்டிப்போடாதே” என்ற குணம் இருவரிடமும் பிறவியிலேயே இருக்கிறது. ஒருவர் கொண்டுவந்து மற்றவர் தலையில் போட்டதில்லை. அவனைப் பார்க்கும் முன்பே நீங்கள் மாதத்தில் பாதி நாள் வெளியூர் போகிற ஆள்தானே?

ஒரே வயது ஜோடிகளுக்கு யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றையும் வைத்துப் பொருத்தம் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த மூன்றும் உங்கள் வகுப்பில் படித்த எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும்.

மார்ச் 4

“சாயனத்தில் (மேல்நாட்டார் ராசிக் கணக்கில்) போட்டால் மாறுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ராசி மாறும். இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அயனாம்சம், இப்போது சுமார் 24 பாகை, எல்லாக் கிரகத்தையும் அதே அளவு தள்ளிவிடும். இரண்டு கிரகங்களுக்கு நடுவில் உள்ள கோணம் மாறாது. 91 பாகை எந்தக் கணக்கிலும் 91 பாகைதான். அதனால் மேல்நாட்டு முறையில் கோணம் பார்ப்பவருக்கு இந்தச் சண்டை தேவையே இல்லை. ராசியை எண்ணிப் பார்வை சொல்லும் நம் முறையில்தான் அது முக்கியம்.

மார்ச் 6

சனிக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

என் சுக்கிரனுக்கும் ஒரு சனிச் சதுரம் வாய்த்தது. உண்மையில் இரண்டு. பழைய காதலனும் இப்போதைய கணவரும் சில மாத இடைவெளியில் பிறந்தவர்கள். சனி வருடத்துக்கு 12 பாகை நகரும், நடுவில் வக்கிரத்தில் பின்னோக்கியும் போய்வரும். ஆக இரண்டு பேர் சனியும் ஒன்றுக்கொன்று இரண்டு பாகைக்குள். என் சுக்கிரனுக்கு இரண்டும் சதுரம். ஜாதகத்தை மட்டும் வைத்துப் பேசினால், இந்த ஒரு விஷயத்தில் இருவரையும் வேறுபடுத்தவே முடியாது.

முதலாமவன் என் போனில் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ என்ன என்று பார்த்துக்கொண்டே இருப்பான். காலையில் எழுந்ததும் முதல் செய்தி: “11.40க்கு ஆன்லைனில் இருந்தாய். என்னிடம் 11க்கே தூங்கப்போவதாகச் சொன்னாயே?” நான் படுத்துக்கொண்டு ஏதோ வீடியோ பார்த்திருப்பேன். அதை விளக்க வேண்டும். விளக்கினால், எந்த வீடியோ என்று கேட்பான். ஒரு கட்டத்தில் நானே இரவு போனைத் தொடாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அவன் கேட்காத நேரத்திலும் நான் பதில் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்று. சனி–சுக்கிரன் பற்றி எழுதுகிறவர்கள் “கட்டுப்பாடு, குளிர்ச்சி, தாமதம்” என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். தாமதமாவது பரவாயில்லை.

இரண்டாமவரும் கண்காணிக்கிற ஆள்தான், ஒளித்துச் சொல்வானேன். நான் தனியாக எங்காவது கிளம்பினால் முந்தைய இரவே என் பையைத் திறந்து பார்ப்பார். சார்ஜர் இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா, அடையாள அட்டை வெளிப்பையிலா உள்பையிலா. எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. “என் பையை நான் கட்டத் தெரியாதவளா?” என்று சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பையைப் பார்த்த பிறகு அவர் கேட்கிற அடுத்த கேள்வி, “வண்டி எத்தனை மணிக்கு?” என்பதுதான். ஏன் போகிறாய், யாரோடு போகிறாய் என்று வராது.

அதே கோணம், அதே சனி, சில மாத வித்தியாசம். இருவருமே என் மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள் என்பது வரைக்கும் ஜாதகம் பொருந்தியது. அந்தக் கண் எதற்காக என்பதை அது சொல்லவில்லை.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

“கணவருக்குக் குரு பார்வை இருந்திருக்கும், அதனால் தப்பித்தீர்கள்” என்று ஒரு பதில். இல்லை சார். இருவரின் குருவும் ஒரே ராசியில்தான். சில மாத வித்தியாசத்தில் பிறந்தவர்களுக்கு அப்படி அமைவது சகஜம். குரு பார்க்கக் கோடி நன்மை என்றால் முதலாமவனிடமிருந்தும் எனக்கு ஒரு ஐம்பது லட்சமாவது வந்திருக்க வேண்டும்.

மார்ச் 9

நம் முறையில் இது சனிப் பார்வையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நல்ல கேள்வி, இங்கேதான் விஷயம் திரும்புகிறது.

தெரியாதவர்களுக்காக: எல்லாக் கிரகமும் தான் நிற்கும் ராசியிலிருந்து ஏழாம் ராசியைப் பார்க்கும். செவ்வாய்க்கு 4, 8 கூடுதல். குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. நிற்கும் ராசியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அவன் சனி மேஷத்தில். மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம் என்று எண்ணினால் உங்கள் சுக்கிரன் நான்காமிடம். சனிக்கு 3, 7, 10 தான். நான்காமிடத்தைச் சனி பார்ப்பதில்லை. செயலி சிவப்புக் கோடு போட்டு பயமுறுத்திய அந்தத் துல்லியமான சதுரம் நம் கணக்கில் பார்வையே கிடையாது. சுக்கிரன் துலாத்திலோ மகரத்திலோ இருந்திருந்தால் கதை வேறு.

இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மேல்நாட்டு முறையில் கோணம் இருதரப்பானது. நான் உனக்கு 90 பாகையில் இருந்தால் நீயும் எனக்கு 90 பாகையில் இருக்கிறாய். நம் முறையில் ஏழாம் பார்வை மட்டும்தான் எல்லோருக்கும் பரஸ்பரம். மற்றவை பெரும்பாலும் ஒருவழி. சனி மூன்றாமிடத்துச் சுக்கிரனைப் பார்க்கும், சுக்கிரன் திரும்பிப் பார்க்காது. உறவில் யார் யாரைக் கண்காணிக்கிறார், யாருக்கு அது தெரியாமலே இருக்கிறது என்று கேட்க இந்த அமைப்பு வசதியானது. சுதந்திரம் பற்றிய கேள்விக்கு யுரேனஸைவிட இதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. சனியின் மூன்றாம் பார்வை கோணமாக 60 பாகை. நாம் பயப்படுகிற அதே இடத்தை மேல்நாட்டுக்காரர் நல்ல கோணம், நீடித்த உறவு என்று நீல வண்ணத்தில் வரைவார். செவ்வாயின் எட்டாம் பார்வை 150 பாகை, அவர்கள் அதை முக்கியக் கோணமாகவே சேர்ப்பதில்லை. குருவின் 5, 9 மட்டும்தான் இரு தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்கிற இடம்: 120 பாகை, திரிகோணம்.

மார்ச் 9, மாலை

“பராசரர் முக்கால் பார்வை சொல்லியிருக்கிறாரே” என்று பழைய ஜோதிட நூலைக் காட்டித் திருத்தியவருக்கு: சரிதான். 3, 10 கால் பார்வை, 5, 9 அரைப் பார்வை, 4, 8 முக்கால் பார்வை, 7 முழுப் பார்வை, விசேஷப் பார்வை உள்ளவர்களுக்கு அந்தந்த இடமும் முழுசு. அந்தக் கணக்கில் மேஷச் சனி கடகத்தை முக்கால் அளவு பார்க்கிறது என்று வாதாடலாம். ஆனால் பலன் சொல்லும்போது அதை எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பார்வை பலத்தை எண்ணாகப் போடும்போதுதான் அது வெளியே வரும். அப்படியே எடுத்தாலும் முழுப் பார்வைக்கு ஒரு படி கீழே. “வாசல் தாண்ட விடமாட்டான்” என்ற தீர்ப்புக்கு அது போதாது.

சனி மேஷத்தில் நீசமாச்சே, பலமிழந்த நிலையாச்சே என்று வேறொருவர். நீசம்தான். ஆனால் மேஷத்தில் சனி இரண்டரை வருடம் போல இருக்கும், அந்தக் காலத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் நீசம். எல்லோருமா பூட்டுப் போடுகிறார்கள்?

மார்ச் 10

யுரேனஸை வானியலாளர் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781 மார்ச் 13. அதற்கு முன்னால் காதலில் யாருக்கும் மூச்சு முட்டவில்லையா, யாரும் ஓடிப்போகவில்லையா என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். ரசித்தேன். நம் ஒன்பது கிரகத்தில் அந்த வேலையை ராகு பார்த்துக்கொண்டிருந்தது. சுக்கிரனோடு ராகு என்றால் வழக்கத்தை மீறிய காதல், எல்லை தாண்டிய ஆசை என்று சொல்வார்கள். கண்டுபிடித்த பிறகு மேல்நாட்டார் விடுதலை, கலகம் எல்லாவற்றையும் யுரேனஸின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அமெரிக்கப் புரட்சிக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டதால் அந்தப் பெயர் அதற்கு நன்றாக ஒட்டிக்கொண்டது.

மார்ச் 14

இரண்டு பேர் ஜாதகத்தைச் சேர்த்துப் போட்டதும் கோடுகள் சிலந்திவலையாக வந்து பயமுறுத்துகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்குப் பத்து கிரகம், மற்றவருக்குப் பத்து. நூறு ஜோடி. சேர்க்கை, 60, 90, 120, 180 என்று ஐந்து கோணம். இப்படியும் அப்படியும் 6 பாகை வரை விலகலை அனுமதித்தால், சேர்க்கைக்கு 12 பாகை இடம், எதிருக்கு 12, மற்ற மூன்றும் இரண்டு பக்கமும் வருவதால் ஆளுக்கு 24. மொத்தம் 360இல் 96 பாகை. அதாவது கண்ணை மூடிக்கொண்டு யாரை யாரோடு சேர்த்தாலும் சராசரியாக 27 கோடுகள் வரும். விலகலை 8 பாகையாக்கினால் 35ஐத் தாண்டும். அத்தனை கோட்டில் விருப்பமான கதை எதையும் எடுக்கலாம். ‘விதி சேர்த்த ஜோடி’யும் கிடைக்கும், ‘தப்பித்து ஓடு’வும் கிடைக்கும். உங்களுக்கு இரண்டு ஜோதிடர் இரண்டு பதில் சொன்னது இப்படித்தான்.

நான் 2 பாகைக்கு மேல் விலகினால் பார்ப்பதில்லை. கோடுகள் ஒன்பது போல சுருங்கிவிடும். பேச்சும் சுருங்கும்.

அப்புறம், வயது வித்தியாசத்தாலேயே வரும் கோணங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். சனி சுற்ற 29 அரை வருடம். ஏழு வயது வித்தியாசம் உள்ள எந்த ஜோடிக்கும் ஒருவர் சனி மற்றவர் சனிக்குச் சதுரம் அல்லது அதற்குப் பக்கத்தில். பதினான்கு பதினைந்து என்றால் எதிர். இதைப் பார்த்து “உங்கள் கடமையுணர்வுகள் மோதுகின்றன” என்று பலன் எழுதினால், அது வயதை வேறு மொழியில் சொன்னதுதான்.

இதே இழையில் ஒருவர், “என் ஜாதகத்தில் சூரியனும் சுக்கிரனும் சதுரம், அதனால்தான் காதல் ராசியில்லை” என்று புலம்பியிருக்கிறார். பிறந்த ஜாதகத்தில் அது நடக்கவே நடக்காது. பூமியிலிருந்து பார்த்தால் சுக்கிரன் சூரியனைவிட்டு 47, 48 பாகைக்கு மேல் விலகாது. 90 எங்கிருந்து வரும்? உங்கள் சூரியனும் இன்னொருவர் சுக்கிரனும் என்றால் வரலாம். செயலியில் தேதியைச் சரிபாருங்கள், அல்லது யாருடைய சுக்கிரனைப் பார்த்தீர்கள் என்று பாருங்கள்.

மார்ச் 15

இதை யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டால், ஆம்.

கல்யாணத்துக்குச் சூரிய சந்திரர்களை ஒப்பிடுவது பழைய பழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமியே எழுதிவைத்திருக்கிறார்: இருவர் ஜாதகத்திலும் ஒளிக்கிரகங்கள் திரிகோணத்திலோ 60 பாகையிலோ இணங்கி நின்றால் உறவு நிலைக்கும் என்று. உளவியலாளர் கார்ல் யுங் இதைச் சோதிக்க மணமான ஜோடிகளின் ஜாதகங்களைச் சேகரித்தார். 1952இல் வெளியிட்டார். முதல் தொகுப்பு 180 ஜோடி. பெண்ணின் சந்திரன் ஆணின் சூரியனோடு சேரும் அமைப்பு முதலிடம் பிடித்தது. யுங்குக்கு உற்சாகம். அடுத்த தொகுப்பு 220 ஜோடி, அதில் சந்திரன்–சந்திரன் சேர்க்கை முதலிடம். மூன்றாவது 83 ஜோடி, அதில் சந்திரன்–லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் புள்ளி). மூன்றையும் சேர்த்து 483 ஜோடிக்குப் போட்டதும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான் மிஞ்சியது. அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் மூன்று முறையும் மரபு சொல்லும் திருமண அமைப்புகளே தலைகாட்டியது அவரை விடவில்லை. அந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. எண் இல்லை என்கிறது, ஆசை இருக்கட்டுமே என்கிறது.

இன்னும் பெரிதாக, அப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் வோவாஸ் 2001 இங்கிலாந்து–வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து சுமார் ஒரு கோடி ஜோடிகளை எடுத்துச் சூரிய ராசிகளைப் பார்த்தார். எந்த ராசியும் எந்த ராசியையும் கூடுதலாக இழுக்கவில்லை. “அது ராசிதானே, கோணம் இல்லையே” என்று சொல்லலாம்தான். ஆனால் இரண்டு சூரியன்கள் திரிகோண ராசிகளில் இருப்பதும் சதுர ராசிகளில் இருப்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடுகிறது. திரிகோணத்துக்குக் கொஞ்சமாவது பலம் இருந்தால் ஒரு கோடியில் தெரிந்திருக்கும்.

இதைப் படித்தபிறகும் ஏன் ஜாதகம் பார்க்கிறாய் என்று கேட்காதீர்கள். பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் தன் சனியையும் இப்போது கொடுத்திருக்கிறார். ரிஷபம் 5. நான் எதிர்பார்க்கவில்லை.

ரிஷபம், மிதுனம், கடகம். மூன்றாமிடம். சனியின் முழுப் பார்வை. எதன் மேல்? உங்கள் சுக்கிரன் மேல், அதே ராசியில் இருக்கும் அவன் சந்திரன் மேலும். அவன் சனி உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் சனி அவன் மனசைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! செயலி இதற்குக் கோடு போடாது, ஏனென்றால் ரிஷபம் 5க்கும் கடகம் 22க்கும் நடுவில் 77 பாகை. அது எந்தக் கோணமும் இல்லை.

ஆக மேல்நாட்டு முறையில் பார்த்தால் அவன் உங்களைக் கட்டுப்படுத்துவான். நம் முறையில் பார்த்தால் நீங்கள் அவனைக் கட்டுப்படுத்துவீர்கள். ஒரே இரண்டு ஜாதகம்.

அதோடு நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், போகிற போக்கில்: “வெளியூரில் இருக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு அவன் போனை எடுக்கவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது, எடுக்கும்வரை அடிப்பேன்.” உங்கள் சுதந்திரத்துக்கு இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். அவனுடைய பத்து மணி யாருடையது?

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கட்சிதான். முதலாமவனிடம் பட்ட பிறகு, கணவரிடம் நான் செய்த முதல் காரியம் அவர் இருக்கும் இடத்தைப் போனில் பகிரச் சொன்னது. அவர் மறுபேச்சில்லாமல் பகிர்ந்தார். வெகுநாள் கழித்து ஒரு சண்டையில்தான் சொன்னார்: “கடையில் பத்து நிமிஷம் கூட நின்றால், நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று கிளம்பிவிடுகிறேன்.” பையைத் திறந்து பார்க்கிற மனிதரைப் பற்றி நான் ஊரெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மார்ச் 19, நள்ளிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரொம்ப அழகாகப் பொருந்துகிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

அவர் பத்து மணி போன் விஷயத்தை எழுதாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? “உங்கள் சனி உங்கள் சுக்கிரனையும் பார்க்கிறது, அதனால் ஆசையை அடக்கிக்கொண்டு வெளியே காட்டாமல் இருக்கிறீர்கள்” என்றிருப்பேன். அதுவும் பொருந்தியிருக்கும். எதைச் சொன்னாலும் பொருந்துகிற இடத்தில் ஜாதகம் எதையும் நிரூபிக்கவில்லை.

ஆனால் யார் யாரைப் பார்க்கிறார் என்ற கேள்வியை அதுதான் மேஜைமேல் வைத்தது. இரண்டு வாரமாக இங்கே அத்தனை பேரும் அவன் உங்களை என்ன செய்வான் என்றே பேசிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. திசையைத் திருப்பிப் பார்க்க ஒரு சனி தேவைப்பட்டது. யுங்கும் வோவாஸும் படித்த பிறகும் நான் ஜாதகத்தைத் தூக்கிப் போடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பதில் தரும் என்று நம்பவில்லை. நான் கேட்கத் தயங்குகிற கேள்வியை மூன்றாம் ஆள் மாதிரி அது கேட்டுவிடுகிறது.

மார்ச் 23

இழை வழக்கம்போல செவ்வாய் தோஷத்துக்குப் போய்விட்டது. பார்வை சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு பத்தி மட்டும்.

லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12இல் செவ்வாய். ஏன் இந்த இடங்கள்? நான்கில் இருந்தால் நான்காம் பார்வை ஏழில் விழும். பன்னிரண்டில் இருந்தால் எட்டாம் பார்வை ஏழில் விழும். ஏழில் நேராகவே உட்கார்ந்திருக்கிறது. எட்டிலிருந்து இரண்டையும், இரண்டிலிருந்து எட்டையும் பார்க்கும். எல்லாமே துணை, குடும்பம், மாங்கல்யம் சார்ந்த வீடுகள். தர்க்கம் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றாமிடத்துச் செவ்வாயும் ஏழாம் பார்வையால் ஏழையே பார்க்கிறது, அது நம் பட்டியலில் இல்லை. வடக்கே இரண்டை விட்டுவிட்டு ஒன்றைச் சேர்ப்பார்கள். பன்னிரண்டில் ஐந்து வீடு என்றால் நூற்றுக்கு 42 பேர் தோஷக்காரர்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணச் சொன்னால் மிஞ்சுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதிவிலக்குகள் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மார்ச் 30

கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கிறார், பார்த்திருப்பீர்கள். அவனிடம் சனி, சுக்கிரன் எதுவும் சொல்லாமல், “பத்து மணிக்கு நான் போன் அடிப்பது உனக்கு எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டாராம். அவன் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள், “பிடிக்கும், ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்” என்றானாம். ஏன் செவ்வாய் என்று கேட்டதற்குக் காரணம் சொல்ல மறுத்துவிட்டானாம். அவருக்கு இப்போது புதுக் கவலை.

இரண்டு வழி. காரணத்தைத் தோண்டி எடுக்கலாம், எடுத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். அல்லது வாரத்தில் ஒரு ராத்திரி அவனுக்கென்று இருக்கட்டும் என்று விடலாம். பதிலுக்கு உங்கள் பாதி மாதத்தைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். அதை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. நான் என்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் கணவரிடம் இடம் பகிர்வதை நிறுத்தச் சொன்ன முதல் வாரம் என் போனை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இல்லை தங்கச்சி, செவ்வாய்க்கிழமைக்கும் செவ்வாய்க்கும் சம்பந்தம் இல்லை. அவன் ஜாதகத்தில் செவ்வாய் எங்கே என்று அனுப்ப வேண்டாம்.

ஏப்ரல் 2

கூட்டு ஜாதகம் பற்றிக் கேட்டவருக்கு: இருவர் கிரகங்களின் நடுப்புள்ளியை எடுத்து ஒரே ஜாதகமாகப் போடுவது. ஆர்வமாகத்தான் இருக்கும். ஆனால் சில சமயம் சுக்கிரன் சூரியனுக்கு எதிரில் போய் நிற்கும், வானத்தில் எந்தக் காலத்திலும் நடக்காத நிலை. அதற்குப் பலன் எழுதிவைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு துணிச்சல் இல்லை.

ஏப்ரல் 5

தங்கள் ஜாதகங்களை இங்கேயே கொட்டுகிறவர்களுக்கு: தனி இழை திறங்கள். சனி–சுக்கிரன் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் பிறந்த தேதி போதும், நேரம் தேவையில்லை. சனி ஒரு நாளில் அசைவதே தெரியாது, சுக்கிரன் ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேல். சந்திரன் வேண்டுமென்றால் நேரம் தோராயமாகவாவது வேண்டும், அது நாளுக்கு 13 பாகை ஓடும். லக்னமும் வீடுகளும் வேண்டுமென்றால் நிமிஷம் வரை சரியாகக் கொடுங்கள், நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை நகர்கிற விஷயம். அப்புறம், துணையின் ஜாதகத்தை அனுப்புகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.